மாப்பிள்ளைக்கு ஊர் பிடித்துவிட்டது, வேளச்சேரி வீட்டை விற்கலாமா?

வேளச்சேரி_மாப்பிள்ளை | 14 ஜூலை 2024, இரவு 10:40

பதிவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் கேள்வி இருக்கிறது.

நான் பிறந்தது சைதாப்பேட்டை. கல்யாணமான பிறகு வேளச்சேரியில் கடன் வாங்கி இரண்டு படுக்கையறை வீடு. 2015 டிசம்பரில் மாடியிலிருந்து படகில் இறங்கியவர்களில் நாங்களும் உண்டு. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்காக ராத்திரி ஒரு மணிக்கு விழித்திருந்ததும் உண்டு. இதையெல்லாம் சென்னை மேல் புகாராகச் சொல்லவில்லை. வாழ்க்கை என்றால் இப்படித்தான் என்று இருந்தவன் நான்.

மனைவியின் ஊர் தென்காசி மாவட்டத்தில், சுரண்டைக்குக் கொஞ்சம் உள்ளே. 2020 ஜூனில் இ-பாஸ் வாங்கிக்கொண்டு காரில் வந்தோம். இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று என்று கணக்கு. மூன்று பேண்ட், ஒரு லேப்டாப், மகளுக்கு ஒரு டப்பா கலர் பென்சில். நான்கு வருஷம் ஆகிவிட்டது.

முதல் மாதம் எனக்கு ஊர் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றைப் பற்றி யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. குற்றாலச் சாரல் எங்களுக்கும் கொஞ்சம் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். தென்காசியோடு சாரல் தீர்ந்துவிடுகிறது. எங்கள் ஊருக்கு வருவது வெறும் காற்று. தட்டில் மண், படுக்கையில் மண். மீட்டிங்கில் ‘உங்க பக்கம் ஏதோ விமானச் சத்தம்’ என்றார்கள். அது ஜன்னல்.

பிடித்துப்போனது எப்போது என்று யோசித்தால் ஒரு ராத்திரிதான் ஞாபகம் வருகிறது. தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம். அந்த வாரம் வெண்டைக்கு ராத்திரித் தண்ணீர். மாமாவுக்குக் கால் வீக்கம், டார்ச் பிடிக்க ஆள் இல்லை, நான் போனேன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் மூன்று வாக்கியம் தேறும்: ‘வாங்க மாப்ளே’, ‘சாப்டியளா’, ‘எப்ப கெளம்புறிய’. அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து கிணறு வெட்டிய கதையைச் சொன்னார். 25 அடியில் பாறை வந்து வெடி வைத்தது, அந்தச் செலவுக்கு அத்தையின் சங்கிலி போனது, சங்கிலி போன பிறகும் தண்ணீர் வர இன்னும் 10 அடி ஆனது. பேச்சுக்கு நடுவில் எழுந்து போய் மண்வெட்டியால் ஒரு பாத்தியை அடைத்து அடுத்ததைத் திறந்துவிட்டு வருவார். விட்ட சொல்லிலிருந்தே மறுபடி தொடங்குவார். நாலு மணிக்குக் கரண்ட் போய் மோட்டார் நின்றது. அப்போதுதான் அத்தனை தவளைகள் கத்திக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

இன்னொன்று. வந்த புதிதில் டீக்கடையில் ‘எப்ப வந்திய?’ என்பார்கள். பின்னாலேயே ‘எப்பப் போறிய?’ வரும். இரண்டாவது வருஷம் காய்ச்சலில் இரண்டு நாள் கிடந்துவிட்டு எழுந்து போனேன். கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, ‘ரெண்டு நாளா எங்க ஆளக் காணோம்?’ என்றார். வேளச்சேரியில் எதிர்வீட்டுக்காரரை எனக்கு வாட்ஸ்அப் குழுவில் ‘எஃப் 2’ என்றுதான் தெரியும்.

இப்போது விஷயம். செப்டம்பரிலிருந்து வாரம் மூன்று நாள் ஆபீசுக்கு வரச் சொல்கிறார்கள். மாமாவின் தோட்டத்தை ஒட்டி 1 ஏக்கர் 20 செண்ட் விலைக்கு வருகிறது, கிணற்றில் பாகத்தோடு. மகள் ஐந்தாம் வகுப்பு. வேளச்சேரி வீட்டை விற்றுவிட்டு, வேறு வேலை தேடிக்கொண்டு, இங்கேயே இருந்துவிடலாமா? இப்படிச் செய்தவர்கள், செய்து வருத்தப்பட்டவர்கள், இருவரும் எழுதுங்கள்.

சாம்பார்_வடை | 14 ஜூலை 2024, இரவு 11:02

சூரியகாந்திப் பூவுக்கு நடுவில் நின்ற போட்டோ இல்லாமல் சுரண்டைப் பக்கத்தைப் பற்றி ஒருவர் எழுதியதற்கே முதலில் ஒரு கும்பிடு.

வேளச்சேரி_மாப்பிள்ளை | 14 ஜூலை 2024, இரவு 11:09

சுந்தரபாண்டியபுரம் பக்கத்தில்தான். பூக்கிற மாதத்தில் கேரளா வண்டிகள் வரிசையில் நிற்கும். செடியை மிதித்துப் போட்டோ எடுப்பவர்களை விரட்டுவதற்கே தோட்டக்காரர் ஒரு ஆளை வைக்க வேண்டியிருக்கிறது. போட்டோவுக்குக் காசு வசூலிப்பவர்களும் உண்டு, அவர்கள் புத்திசாலிகள்.

அம்பத்தூர்_ஆலங்குளத்தான் | 15 ஜூலை 2024, காலை 7:15

உங்கள் பதிவைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல், அப்புறம் அம்மாவுக்கு போன் போட்டேன்.

என் அப்பாவும் ராத்திரித் தண்ணீர் பாய்ச்சியவர்தான். தவளையைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. பாம்பைப் பற்றிப் பேசியிருக்கிறார். விடிந்ததும் அவர் தூங்கப் போக முடியாது, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். வெங்காய விலை ஏறும்போது எங்களிடம் வெங்காயம் இருக்காது. எங்களிடம் இருக்கும்போது விலை இருக்காது. பாவூர்சத்திரம் சந்தைக்குக் கொண்டுபோனால் வண்டி வாடகை, சாக்கு, எடுப்புக் கூலி, கமிஷன் எல்லாம் கழித்து ஒரு துண்டுச்சீட்டு கொடுப்பார்கள். அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு அப்பா பஸ்ஸில் வராமல் நடந்தே வந்த நாள் எனக்குத் தெரியும். நான் அம்பத்தூரில் லேத் பட்டறைக்கு வந்தது அந்தச் சீட்டினால்தான்.

உங்கள் சம்பளம் சென்னையிலிருந்து வருகிறது. அதனால்தான் உங்களுக்குத் தவளைச் சத்தம் கேட்கிறது. குறை சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். சம்பளத்தை நிறுத்திவிட்டு 1 ஏக்கர் 20 செண்டை நம்பினால் என்ன கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அம்மா சொன்னது: ‘அந்தத் தம்பி நெலத்த வாங்கட்டும், ஆனா வேலய விட வேண்டாம்னு சொல்லு.’

பொன்னி | 15 ஜூலை 2024, மதியம் 1:30

இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். மாமா வருகிறார், டீக்கடைக்காரர் வருகிறார், தவளைகூட வருகிறது. அது உங்கள் மனைவியின் ஊர். அவர் என்ன சொல்கிறார்?

ஒலிபெருக்கி | 15 ஜூலை 2024, மாலை 6:48

கிராமத்தில் அமைதி என்று யாராவது சொன்னால் அவர் மார்கழியில் வந்ததில்லை என்று அர்த்தம். எங்கள் ஊரில் அதிகாலை நாலரைக்குக் கோயிலில் பாட்டு. கம்பத்தின் குழாய் சரியாக என் படுக்கையறையைப் பார்த்து இருக்கிறது. ஐந்தரைக்கு மீன்காரர். ஆறுக்கு ‘பழைய இரும்பு, பித்தாளை, பிளாஸ்டிக்’. வைகாசியில் கோயில் கொடைத் திருவிழா வந்தால் மூன்று நாள் வில்லுப்பாட்டு. வில்லுப்பாட்டு நன்றாகவே இருக்கும், அதற்கு நடுவில் போடும் சினிமாப் பாட்டுதான் தாங்காது. அமைதி வேண்டுமென்றால் அண்ணா நகரில் எட்டாவது மாடிக்குப் போங்கள்.

வேளச்சேரி_மாப்பிள்ளை | 17 ஜூலை 2024, இரவு 11:55

பொன்னி, உங்கள் கேள்விக்குப் பதில் எழுத இரண்டு நாள் ஆயிற்று. கேட்டேன். ஒழுங்காக உட்கார்ந்து கேட்டது இதுதான் முதல் முறை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

‘நீங்க இங்க மாப்ள. நான் இங்க இன்னாரு மக’ என்றாள். வேறு சண்டை எதுவும் போடவில்லை, மாவரைத்துக்கொண்டே சொன்னாள்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. சென்னையில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்கூட்டரில் தனியாக வீட்டுக்கு வருவாள். இங்கே சுரண்டைக்குத் துணிக்கடைக்குப் போய்விட்டு ஆறரை பஸ்ஸில் இறங்கினால், ‘என்ன இவ்ளோ நேரம்’ என்று மூன்று வீட்டு வாசலில் கேட்கிறார்கள். நான் அரைக்கால் சட்டையோடு தெருவில் நடந்தால் ‘மெட்ராஸ் மாப்ள’ என்று சிரிப்பார்கள். அவள் துப்பட்டா போடாமல் பால் வாங்கப் போனால் மதியத்துக்குள் அது அத்தை காதுக்கு வந்துவிடும். கல்யாணத்துக்கு எந்த வீட்டுக்குப் போகவில்லை, சாவுக்கு எந்த வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாள் என்ற கணக்கெல்லாம் அவளுடையது. எனக்கு அந்தக் கணக்கே இல்லை. நான் போனால் மரியாதை, போகாவிட்டால் ‘மாப்ளைக்கு வேலை இருக்கும்’.

2021 இல் அவளுடைய ஆபீஸ் திரும்பக் கூப்பிட்டபோது வேலையை விட்டாள். தியாகராய நகரில் கணக்குப் பிரிவு, எட்டு வருஷ வேலை. ‘நாங்கள் சேர்ந்து எடுத்த முடிவு’ என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அவள் அப்படி நினைக்கவில்லை என்று நேற்றுத்தான் தெரியும்.

ஊரின் அன்பு என்று நான் எழுதியதில் பாதி, மாப்பிள்ளைக்குப் போடும் இலை போலிருக்கிறது. மீதிப் பாதி உண்மை என்றும் தோன்றுகிறது. எது எந்தப் பாதி என்றுதான் பிரிக்கத் தெரியவில்லை.

பொன்னி | 18 ஜூலை 2024, காலை 9:20

நேர்மையாக எழுதியதற்கு நன்றி. நான் கோயம்புத்தூரில் படித்து, திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்துக்கு வாக்கப்பட்டவள். எனக்கு ஊர் பிடிக்கும். பிடிக்க ஆறு வருஷம் ஆயிற்று.

என்ன மாறியது என்று கேட்டால் சிரிப்பீர்கள், டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன்னால் ‘டவுனுக்குப் போயிட்டு வரேன்’ என்றால் எதற்கு, எவ்வளவு செலவு, யாரோடு என்று மூன்று கேள்வி வரும். இப்போது நடுக் கேள்வி போய்விட்டது. அது போனதும் மற்ற இரண்டும் தானாகவே குறைந்தன. எங்கள் ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வாரம் ஒரு நாள் காரணமே இல்லாமல் திண்டுக்கல் போய் டீ குடித்துவிட்டு வருகிறோம். கிராமம் அழகாகத் தெரிவது திரும்பி வரும் பஸ் ஜன்னலிலிருந்துதான். வெளியே போக முடிகிறவர்களுக்குத்தான் திரும்பி வருவது சுகம்.

உங்கள் மனைவிக்குப் போய்வர ஒரு இடமும் கையில் சொந்தக் காசும் இருக்கிறதா? நிலத்தைப் பிறகு பார்க்கலாம்.

ஓய்வுபெற்ற_சர்வேயர் | 19 ஜூலை 2024, மாலை 5:10

குடும்ப விஷயத்தை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். நான் 31 வருஷம் சங்கிலி இழுத்தவன், நிலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்தான் விவசாய நிலம் வாங்கலாம் என்ற சட்டம் இல்லை, யாரும் வாங்கலாம். அதனாலேயே ஏமாறுகிறவர்களும் அதிகம். தாய்ப்பத்திரத்திலிருந்து பாருங்கள். வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்காவது போடுங்கள். பட்டா கூட்டுப் பட்டாவா, தனிப் பட்டாவா என்று பாருங்கள். கூட்டுப் பட்டா என்றால் உட்பிரிவு செய்து, விற்கிறவர் பெயருக்குத் தனியாக வந்த பிறகு காசைக் கொடுங்கள். ‘அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்’ என்று சொன்ன அண்ணன் தம்பிகளைக் கோர்ட் வாசலில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பழைய பத்திரத்தில் இத்தனை மரக்கால் விதைப்பாடு, கோட்டை விதைப்பாடு என்று எழுதியிருக்கும். நம் பக்கத்தில் 8 செண்ட் ஒரு மரக்கால், 21 மரக்கால் ஒரு கோட்டை. ஆனாலும் அதை நம்ப வேண்டாம், சர்வே எண்ணுக்குரிய அளவு வரைபடமான புலப்படத்தை வைத்து அளந்து கல் நடுங்கள்.

‘கிணற்றில் பாகத்தோடு’ என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பாகம்? நாலில் ஒன்றா, எட்டில் ஒன்றா? தண்ணீர் முறை எந்தக் கிழமை? மின் இணைப்பு யார் பெயரில்? இலவச மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கும் இணைப்பில் உங்களுக்கும் பாகம் என்று பத்திரத்தில் எழுதாவிட்டால், கிணறு உங்களுடையது, மோட்டார் அடுத்தவருடையது என்று ஆகிவிடும்.

பாதை. நான் பார்த்த வழக்குகளில் பாதி பாதைதான். இத்தனை நாள் மாமனார் வரப்பில் நடந்து போயிருப்பீர்கள், யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். டிராக்டர் போக வேண்டும் என்று வரும்போதுதான் வேலி முளைக்கும்.

இன்னொன்றை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் 1891 இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, 1892 இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று அரசு ஒதுக்கியது அது. வேறு யாரும் வாங்கினால் செல்லாது. எத்தனை கை மாறியிருந்தாலும் செல்லாது. எந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும் கிராமக் கணக்கான அ-பதிவேட்டில் பார்த்துவிடுங்கள். குளத்துப் புறம்போக்கும் அப்படித்தான், ‘எங்க தாத்தா காலத்துலருந்து’ என்பார்கள், ஒருநாள் பொக்லைன் வரும்.

அவசரப்படாதீர்கள். சித்திரையில் கிணற்றைப் போய்ப் பாருங்கள், ஐப்பசியில் பாதையைப் போய்ப் பாருங்கள். இரண்டையும் பார்க்காமல் வாங்கக் கூடாது.

வடக்குத்தெரு | 20 ஜூலை 2024, இரவு 9:05

சர்வேயர் ஐயா பஞ்சமி நிலத்தைச் சொன்னதில் சந்தோஷம். அதைத் தொட்டு நானும் ஒன்று கேட்கிறேன்.

மாப்பிள்ளை, நீங்கள் ஊர் ஊர் என்று எழுதுவது எந்தத் தெருவை? நானும் உங்கள் மாவட்டம்தான். 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாங்குளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த கடைக்காரரின் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். கைது, கடைக்குச் சீல் எல்லாம் நடந்தது. அந்தப் பிள்ளைகள் வயதில் நானும் ஒரு கடை வாசலில் நின்றிருக்கிறேன். அப்போது யார் கையிலும் செல்போன் இல்லை.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிப் பேசியதைத் தேடிப் படியுங்கள். கிராமக் குடியரசு என்று கொண்டாடியவர்களைப் பார்த்து, அது குறுகிய புத்தியும் அறியாமையும் அடைந்து கிடக்கும் இடம் என்றுதான் சொன்னார். எங்களுக்குச் சென்னை என்பது நெரிசலோ புகையோ இல்லை. சென்னையில் டீக்கடைக்காரர் எனக்கு டீ கொடுத்தபோது என் அப்பா பெயரைக் கேட்கவில்லை. நீங்கள் எழுதிய அந்த ‘எஃப் 2’ எனக்கு விடுதலை. பெயர் தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை.

எனக்கும் ஊர் பிடிக்கும். முதல் மழைக்குக் குளத்துக் கரையில் எழும் வாசனை என் கனவில் வரும். ஊருக்கு என்னைப் பிடிக்க வேண்டுமே.

நடுநிலை | 20 ஜூலை 2024, இரவு 10:31

நல்லா போய்க்கொண்டிருந்த இழையில் எதற்குச் சாதி? எங்கள் ஊரில் இப்போது அதெல்லாம் இல்லை.

வடக்குத்தெரு | 20 ஜூலை 2024, இரவு 10:40

‘இப்போது இல்லை’ என்று சொல்பவர் எந்தத் தெருக்காரர் என்று மட்டும் ஒவ்வொரு முறையும் கவனித்துப் பாருங்கள்.

மட்டுறுத்துநர் | 20 ஜூலை 2024, இரவு 11:15

இதற்குக் கீழே வந்த ஆறு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கருத்தோடு மோதுங்கள், ஆளோடு வேண்டாம். வடக்குத்தெருவின் பதிவு தலைப்புக்குள்தான் இருக்கிறது, அது இருக்கும்.

வேளச்சேரி_மாப்பிள்ளை | 21 ஜூலை 2024, காலை 6:30

வடக்குத்தெரு, டீக்கடையில் கிளாஸ் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று எழுதத் தொடங்கினேன். எழுதும்போதே அது எவ்வளவு சின்னப் பதில் என்று தெரிந்தது.

கோயில் கொடைக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். மாப்பிள்ளைக்கு வரி கிடையாது. போன வருஷம் நானாகக் கேட்டு என் பெயரை அந்த நோட்டில் எழுத வைத்தேன், பெருமையாக இருந்தது. நேற்று உங்கள் பதிவைப் படித்ததும் அந்த நோட்டில் இருக்கும் பெயர்களை மனதில் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே தெரு. காலனிக்குள் நான்கு வருஷத்தில் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன், களையெடுக்க வரும் அக்காவுக்குக் கூலி பாக்கி கொடுக்க. அவர் எங்கள் வீட்டுக்கு நூறு முறை வந்திருப்பார், புறவாசல் வழியாக. முன்வாசல் வழியாக ஏன் வரவில்லை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

பேராவூரணித்_தென்னை | 23 ஜூலை 2024, இரவு 10:20

செய்து வருத்தப்பட்டவர் எழுதுங்கள் என்றீர்கள். நான் வருத்தப்பட்டேனா என்று இன்னும் தீர்மானமாகவில்லை.

2016 இல் பெங்களூரு வேலையை விட்டுவிட்டு, அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கரோடு இன்னும் இரண்டு வாங்கினேன். எல்லாம் தென்னை. 45 நாளுக்கு ஒரு வெட்டு. முதல் வருஷம் தேங்காயை எண்ணுவதே ஆனந்தம். தென்னைக்கு நெல்லைப் போல வயலில் கிடந்து அழ வேண்டாம், தூங்கினாலும் காய்க்கும் என்று எங்கள் பக்கம் பேசுவோம்.

2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல். காற்று ஒரு பக்கமிருந்து அடித்தது. நடுவில் கொஞ்ச நேரம் நின்றது. முடிந்துவிட்டது என்று கதவைத் திறந்தோம். அப்புறம் எதிர்ப்பக்கமிருந்து அடித்தது. முதல் காற்றில் சாய்ந்து நின்ற மரங்களை இரண்டாவது காற்று முறுக்கிப் போட்டது. விடிந்து பார்த்தால் வானம் பெரிதாகத் தெரிந்தது. தோப்புக்குள் நின்று அவ்வளவு வானத்தை நான் பார்த்ததே இல்லை. 260 மரத்தில் 31 நின்றது.

மின்சாரம் வர வாரக்கணக்காயிற்று. அந்த நாட்களில் எங்கள் தெருவுக்கே ஒரே அடுப்பு. யார் வீட்டு அரிசி, யார் வீட்டுப் பருப்பு என்று கணக்கில்லை. எனக்கு ஊர் மேல் உண்மையாகவே ஆசை வந்தது அப்போதுதான். 2016 இல் இருந்தது வேறு, சும்மா தென்னங்கீற்று அசைவதைப் பார்த்து வந்தது. ஆனால் புதுக் கன்று காய்க்க ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும், பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் ஐந்து வருஷம் காத்திருக்காது. 2020 தொடக்கத்தில் பெங்களூருக்கே திரும்பினேன், பழைய சம்பளத்தில் முக்கால்வாசிக்கு. மூன்றாவது வாரமே ஊரடங்கு, திரும்பத் தோப்புக்கு ஓடினேன் என்பது தனிக் கதை.

இப்போது மாதம் ஒரு முறை போகிறேன். கன்றுகள் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டன, சிலது பாளை விட்டிருக்கிறது. சென்னை வீட்டை விற்காதீர்கள், வாடகைக்கு விடுங்கள். நான் பெங்களூரு வீட்டை விற்றேன். அதே வீட்டுக்கு எதிரில்தான் இப்போது வாடகைக்கு இருக்கிறேன். தினமும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே அதைப் பார்க்க வேண்டும்.

சாம்பார்_வடை | 23 ஜூலை 2024, இரவு 10:44

கடைசி வரிக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஆறாம்_வகுப்பு_அம்மா | 25 ஜூலை 2024, மதியம் 2:15

பள்ளியைப் பற்றி யாரும் எழுதவில்லையே. மகள் அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பு என்றால் இப்போதே யோசியுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. நடுவில் ஒரு வருஷம் சென்னையில் தனியார் பள்ளி என்றால் போச்சு. எல்லோரும் டாக்டராக வேண்டும் என்று சொல்லவில்லை. எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார், அவர் ஒருவருக்காகவே நாங்கள் டவுனுக்கு மாறாமல் இருக்கிறோம். அவருக்கு இடமாறுதல் வந்தால் நாங்களும் கூடவே போவோம் போல.

அப்புறம் ஆஸ்பத்திரி. ராத்திரி கட்டு விரியன் கடித்தால் பெரிதாக வலிகூடத் தெரியாது, காலையில் வயிற்று வலி என்பார்கள். ராத்திரித் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் முட்டி வரை பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தவளை இருக்கும் இடத்துக்கு அதுவும் வரும்.

அம்பத்தூர்_ஆலங்குளத்தான் | 3 டிசம்பர் 2024, இரவு 8:00

மாப்பிள்ளை, என்ன ஆயிற்று? அம்மா கேட்கிறார்.

வேளச்சேரி_மாப்பிள்ளை | 19 ஜனவரி 2025, மாலை 4:25

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆலங்குளத்தார் அம்மாவுக்கு முதலில்: நிலத்தை வாங்கவில்லை, வேலையையும் விடவில்லை.

சர்வேயர் ஐயா சொன்னபடி ஐப்பசியில் பாதையைப் போய்ப் பார்த்தேன். பாதை என்று நான் நினைத்தது ஓடை. முழங்கால் தண்ணீர். விற்கிறவர் ‘கார்த்திகைக்கு வத்திரும் மாப்ளே’ என்றார். கூட்டுப் பட்டாவில் ஐந்து பெயர், அதில் ஒருவர் மும்பையில், இன்னொருவர் இருக்கிறாரா என்றே தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

வேளச்சேரி வீடு வாடகைக்குப் போய்விட்டது. கம்பெனியில் பேசி, வேறு பிரிவுக்கு மாறி, சம்பளத்தில் கொஞ்சம் இழந்து, மாதம் ஒரு வாரம் மட்டும் சென்னை. பொதிகை ரயிலில் போய்ச் சைதாப்பேட்டையில் அண்ணன் வீட்டில் படுத்துக்கொள்கிறேன்.

நாங்கள் இப்போது இருப்பது தென்காசியில். இது மனைவியின் யோசனை. ‘ஊரும் வேண்டாம், மெட்ராசும் வேண்டாம், நடுவுல ஒண்ணு இருக்குல்லா’ என்றாள். எனக்குத் தோன்றியே இருக்காது. எனக்கு வேளச்சேரி அல்லது வரப்பு, இரண்டுதான் உலகம். அக்டோபரில் ஒரு சின்ன வீடு பிடித்தோம், சாரல் நேராக அடுப்படி ஜன்னலுக்கு வரும் என்கிறார்கள், ஆனி வந்தால் தெரியும். அவள் ஒரு ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்திருக்கிறாள். சென்னைச் சம்பளத்தில் பாதிகூட இல்லை, ஆனால் முதல் மாதச் சம்பளத்தில் ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்து நின்றபோது முகத்தைப் பார்க்க வேண்டுமே. மகளுக்கு இங்கேயே அரசுப் பள்ளியில் ஜூனில் சேர்க்கை.

மாமாவின் தோட்டத்தில் 40 செண்டில் நானே வெண்டை போட்டேன். வெள்ளாமை என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது, மருந்தும் தண்ணியும் எப்போது என்று சொன்னதெல்லாம் மாமாதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடிகாலையில் பறிக்க வேண்டும். ஒரு பறிப்பு தவறினால் முற்றிவிடும். வெண்டைச் சுணை கையில் பட்டால் மத்தியானம் வரை அரிக்கும், அந்தக் கையால் கீபோர்டைத் தட்டிப் பாருங்கள். சந்தையில் முதல் பறிப்புக்குக் கிலோ 24 ரூபாய் கிடைத்தது. மூன்றாவது வாரம் 9. ஆலங்குளத்தார் சொன்ன துண்டுச்சீட்டு என்னிடமும் ஒன்று இருக்கிறது. நான் பைக்கில்தான் திரும்பி வந்தேன், என்றாலும் கொஞ்ச தூரம் ஓட்ட மனசு வரவில்லை.

வடக்குத்தெரு, களையெடுக்கும் அக்காவை முன்வாசல் வழியாக வரச் சொன்னேன். ‘பழக்கமில்லய்யா, வுடுங்க’ என்று சிரித்துவிட்டுப் புறவாசலுக்கே போனார். அத்தை அன்று முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் ஒருத்தன் சொல்லிச் சரியாகிற விஷயமில்லை என்று நீங்கள் சொல்வீர்கள், சரிதான். இந்த வருஷம் கொடை நோட்டில் என் பெயரை எழுத வேண்டாம் என்றேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, தென்காசிக்குப் போய்விட்டேன் அல்லவா, அதனால் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் விளக்கவில்லை. தைரியம் அவ்வளவுதான் இருந்தது.

டிசம்பர் மழையில் குளம் நிறைந்து மறுகால் போயிற்று. பிசான நெல்லுக்கு ஊரே வயலில் இறங்கியிருந்தது. நான் சென்னையில் இருந்த வாரம் அது, பார்க்கவில்லை. திரும்பி வந்த மறுநாள் வெண்டை பறித்துவிட்டு டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, ‘வாங்க மாப்ளே, எப்ப வந்திய?’ என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைப் பெரிய வருத்தமாகச் சொன்னேன். ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். ‘நான் பொறந்த ஊர்ல, கல்யாணம் ஆன நாள்லருந்து என்னய அதத்தான் கேக்காவ’ என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிப் போனாள்.

பொன்னி | 19 ஜனவரி 2025, மாலை 5:02

அவர் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கித் தரச் சொல்லுங்கள். அவர் எழுதட்டும், படிக்கிறோம்.

ஓய்வுபெற்ற_சர்வேயர் | 19 ஜனவரி 2025, இரவு 7:40

அந்த ஓடை புலப்படத்தில் ஓடை என்றே இருக்கிறதா, வண்டிப்பாதை என்று இருக்கிறதா? மாமனார் நிலத்துக்கும் அதுதான் வழி என்றால் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. சர்வே எண்ணைத் தனிமடலில் அனுப்புங்கள்.